மாப்பிள்ளை மேலா, மச்சான் மேலா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கிற அந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரும் சேர்ந்து கற்பூரம் காட்டினார்கள். காட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டவள் அக்கவுண்ட்ஸ் சாமுண்டீஸ்வரி.

வேலை இதுதான். கம்பெனியில் ஆகிற ஒவ்வொரு செலவும் யார் செலவு என்று கிண்டி ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியவேண்டும். அதற்காக ஒவ்வொரு டிபார்ட்மெண்டுக்கும் ஒரு கோட் நம்பர். நம்பர் கொடுத்தால் மட்டும் போதாது, எது எதற்குக் கீழே என்று வம்சாவளி மாதிரி அடுக்கவேண்டும். உச்சியில் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் அதன் பிள்ளைகுட்டி. அடுக்கி அனுப்புகிற ஃபிளாப்பியைக் கிண்டிக் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்காமல் வாங்கிக்கொண்டால் சாமுண்டிக்கு பர்மனென்ட் ஆர்டர் என்று மேனேஜர் உலகநாதன் வாக்குக் கொடுத்திருந்தார். வாங்காவிட்டால் கணக்கு வேலையே கிண்டிக்குப் போய்விடும். டெம்பரரி ஆளுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

அந்த ஆர்டர் அவளுக்கு வேண்டும். நசரத்பேட்டையில் அவள் அம்மா கன்னியம்மா இன்னும் அடுத்தவன் நிலத்தில் களை பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். உனக்கு ஆர்டர் வருகிற அன்றைக்கு நான் போகிறதை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். வந்துதா வந்துதா என்று தினமும் கேட்கவும் கேட்டாள்.

சாமுண்டி முதலில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பை உச்சியில் வைத்தாள், மெயின்டனன்ஸை அதற்குக் கீழே. மெஷின் இருந்தால்தானே ரிப்பேர்? நியாயமாகத்தான் யோசித்தாள். பாவம், சொந்தபந்தத்தை யோசிக்கவில்லை. பிரஸ் ஷாப் ஃபோர்மேன் மதுரைவீரனின் தங்கையைத்தான் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் கோதண்டம் கட்டியிருந்தார்.

கோதண்டம் பிரிண்ட் அவுட்டைப் பார்த்தார். "இன்னாம்மா இது? பொண்ணு எடுத்தவன் நானு. பொண்ணு குட்த்தவனுக்குக் கீழ என்னைக் குந்த வச்சிகீற. எங்க ஊட்டாண்ட தெரிஞ்சா காறித் துப்புவாங்க."

"அண்ணே, இது செலவுக்குத்தான். ஆளுக்கு இல்ல."

"கீழன்னா கீழதாம்மா."

சரி போ என்று தலைகீழாகத் திருப்பிப் போட்டாள். அடுத்த நாள் மதுரைவீரன் வந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "கல்யாணத்தன்னிக்கு மாப்ள காலைக் கழுவி உட்டவன் நானு. மச்சான் மொறை, செஞ்சேன். அத்தோட முடிஞ்சிச்சு. கம்ப்யூட்டர்லயும் கழுவிகினே கீறணுமா?"

என்னடா பிழைப்பு இது என்று அவளுக்கு அழுகையே வந்தது. இரண்டு பேரையும் உச்சியில் வைத்து ஃபிளாப்பியைக் கிண்டிக்கு அனுப்பித் தொலைத்தாள். மதியமே ஃபோன். ஹெட் ஆபீஸ் புஷ்பா அலுத்துக்கொண்டாள்.

"உங்க ஃபிளாப்பியைத் துப்பிடுச்சு சாமுண்டி. உச்சில ரெண்டு பேர் இருக்காங்க. இன்னொண்ணு, அக்கவுண்ட்ஸ் கோட் அந்தரத்துல தொங்குது. அதை யாருக்குக் கீழயும் நீ போடவே இல்ல. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொண்டா. இல்லன்னா கணக்கை இங்கயே எடுத்துக்கறாங்களாம்."

கூத்தைப் பாருங்கள். கம்பெனி பூராவுக்கும் இடம் போட்டுக் கொடுத்தவள் தன்னை மறந்துவிட்டாள்.

சேதி ஷாப்புக்குள் பரவி, மச்சானும் மாப்பிள்ளையும் கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தார்கள்.

"எனக்குக் கீழ போட்டுக்கம்மா. எங்க ஷாப் பொண்ணு மாதிரி நீ," என்றார் மதுரைவீரன்.

"அது எப்டி? அவ ஃபேனை ரிப்பேர் பண்ணிக் குட்த்தவன் நானு. எனக்குக் கீழதான்," என்றார் கோதண்டம்.

சாமுண்டிக்குச் சுருக்கென்றது. ஒருத்தருக்கொருத்தர் கீழே உட்கார மாட்டார்களாம், இவளைக் கீழே வைத்துக்கொள்ள மட்டும் போட்டியாம். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தட்டினாள். பிரிண்டர் கறகறவென்று இழுத்துத் தள்ளியது. உச்சியில் அக்கவுண்ட்ஸ், அதற்குக் கீழே பிரஸ் ஷாப்பும் மெயின்டனன்ஸும் பக்கத்தில் பக்கத்தில்.

"இவனும் நானும் ஒரே வரிசையா?" என்றார் கோதண்டம்.

"ஒரே வரிசைண்ணே."

நம்பவில்லை மனுஷன். மேஜை மேலிருந்த ஸ்கேலை எடுத்து அளந்தே பார்த்தார்.

"மேல யாரு?" என்றார் மதுரைவீரன்.

"நானு," என்றாள். இதற்கும் மாட்டேன் என்றால் அவளிடம் வேறு வழி இல்லை.

மதுரைவீரன் மோவாயைச் சொறிந்துகொண்டார். "நம்ம பொண்ணு மேல இருந்தா நமக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது மாப்ள?"

"நீ மேல இல்லாத வரிக்கும் எனக்கு ஓகே மச்சான்," என்றார் கோதண்டம்.

சாயங்காலத்துக்குள் கிண்டிக் கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது. உலகநாதனும் சொன்ன சொல் தவறாமல் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். குமணன்சாவடியில் பஸ் மாறும்போது சாமுண்டி காராபூந்தி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டாள்.

கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஆர்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "யாருக்குக் கீழடி வேலை?"

எந்த நிலத்துக்குக் கூப்பிட்டாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பது அதில்தான் இருக்கிறது.

"கம்ப்யூட்டர் கணக்குப்படி யாருக்கும் கீழ இல்லம்மா," என்றாள் சாமுண்டி. "எனக்குக் கீழதான் ரெண்டு பேரு."

கன்னியம்மா எழுந்து போய்க் களைக்கொத்தைக் கழுவித் துடைத்துக் கூரை இடுக்கில் செருகினாள்.

"நாளிக்கு வெயில் ஏர்ற வரிக்கும் தூங்கப்போறேன்," என்றாள். "எழுப்புன, தெரியும் சேதி."