பார்க்க வேண்டிய இடங்களில் ஏழாவது

மனிதன் உலகைக் காண்பதற்காகவே பிறந்திருக்கிறான். அதற்காக எனக்கு ஐந்து நாள் விடுப்பு கிடைத்தது.

ஐந்து நாளில் நான்கு மாநகரங்கள். பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, புனே. பார்க்க வேண்டிய இடங்கள் எட்டு. என் மகள் சுபாஷிணி ஏழாவது இடம்.

சுற்றுலாப் பட்டியலில் இப்படி இருந்தது: ‘7. சுபாஷிணி, புனே. மாலை 4.10 முதல் 4.14 வரை. வெளியிலிருந்து மட்டும். திங்கட்கிழமை கிடையாது.’ ஆறாவது ஒரு கோட்டை. எட்டாவது ஒரு புடவைக் கடை.

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் அவள் எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டபோது, எனக்கு மகளே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று பிரதிகள். மனிதர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களை இடங்கள் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். நான் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எனக்கு நடைமுறை தெரியும்.

சர்வலோக யாத்ரா நிறுவனத்தின் அலுவலகம் மயிலாடுதுறையில் ஒரு மாடியில் இருந்தது. உரிமையாளர் சிவகடாட்சம். ‘பாரத தரிசனச் செம்மல்’ என்று அவர் தலைக்கு மேல் எழுதியிருந்தது. பட்டத்தைக் கொடுத்ததும் அவருடைய நிறுவனம்தான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தொடாமல் திரும்பலாம் என்று எழுத்துமூலம் உத்தரவாதம் தந்தார். சமையல்காரர் கூடவே வருவார். ஹைதராபாத்தில் வத்தக்குழம்பு. மும்பையில் எலுமிச்சை சாதம்.

“புனேல?” என்று கேட்டேன்.

“தயிர்சாதம், மோர்மிளகா. அன்னிக்கி நேரம் கம்மி சார்.”

என் மனைவி தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருடமாக அவள் என்னிடம் நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாதபோது ஃபிரிட்ஜிடம் சொல்வாள். ஃபிரிட்ஜ் நல்ல குணமுள்ளது. கூட்டாமல் குறைக்காமல் என்னிடம் சொல்லிவிடும்.

“சார், எறங்கிப் பாக்க முடியாதான்னு அவர கேக்கச் சொல்லுங்க” என்றாள் சிவகடாட்சத்திடம்.

“எறங்கிப் பாக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“முடியுமே. ‘இவள் என் மகள்’னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும். மறுபடி மனுஷியா மாத்திடலாம்.” வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

ஒரு வரிதானே என்று பேனாவைத் திறந்தேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். நாற்காலிகள் இரண்டிரண்டாகப் போட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அலுவலகம் புறப்பட்டது.

“இன்னும் திட்டம் போட்டு முடிக்கலியே?” என்றேன்.

“போட்டுக்கிட்டே போவோம் சார். முடிச்சிட்டுத்தான் போறதுன்னா யாருமே போக மாட்டாங்க.”

பெங்களூரு வருவதற்குள் முதல் வரைவு தயாரானது. ‘மேற்படி நபர் என் மகள் எனக் கூறப்படுவதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.’

சிவகடாட்சம் படித்துப் பார்த்தார். “கம்பீரமா இருக்கு சார். ஆனா பத்தாது.”

“ஏன்?”

“இதுல நீங்க எங்க இருக்கீங்க?”

முன் இருக்கையிலிருந்து பிரேமாவதி டீச்சர் திரும்பினார். ஓய்வுபெற்றவர். இதே சுற்றுலாவுக்கு இரண்டாம் முறையாக வருகிறார்.

“ஏழாம் நம்பரா? போன வருஷமே பாத்துட்டேன். பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க. ஒரு பால்கனி, ரெண்டு பூந்தொட்டி, ஒரு பொண்ணு. துணி காயப் போட்டுக்கிட்டிருந்துச்சு. மாசமா இருந்துச்சு.”

தையல்நாயகி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “எத்தன மாசம் டீச்சர்?”

“அதெல்லாம் சொல்லலம்மா. நாலு நிமிஷத்துல எவ்வளவுதான் சொல்லுவாங்க?”

“மொகம் வாடியிருந்துச்சா?”

“எனக்கு வலது பக்க சீட்டு. சரியாத் தெரியல. இந்தத் தடவ சண்டை போட்டு இடது பக்கம் வாங்கியிருக்கேன்.”

ஜன்னலில் ஹைதராபாத் போய்க்கொண்டிருந்தது. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வரைவில் ‘மனிதாபிமான அடிப்படையில்’ என்று சேர்த்தேன். மூன்றாவதில் ‘முந்தைய கடிதத்துக்குப் பாதகமின்றி’ என்று சேர்த்தேன். வரி நீண்டது. வரி நீள நீள அலுவலகமும் நீண்டது. தையல்நாயகியின் இருக்கை நான்கு வரிசை தள்ளிப் போய்விட்டது. அவள் சொன்னதை வத்தக்குழம்பு வாளியோடு வந்த சமையல்காரர்தான் கொண்டுவந்தார்.

“மூணு வார்த்தைக்கு எத்தன நாளுன்னு அம்மா கேக்குறாங்க.”

“ஆபீஸ் கடிதத்த அப்படியெல்லாம் எழுதிட முடியாதுன்னு சொல்லுங்க.”

“சொல்லிடுறேன் சார். அப்பளம் வைக்கவா?”

வைக்கச் சொன்னேன்.

மும்பையில் கடல் இருந்திருக்க வேண்டும். எல்லோரும் எழுந்து ஒரே பக்கமாகப் போனார்கள். அலுவலகம் சாய்ந்தது. நான் தாளைப் பிடித்துக்கொண்டேன். பதினொன்றாம் வரைவு. மற்றதையெல்லாம் அடித்துவிட்டிருந்தேன். ‘இவள்’ இருந்தது. ‘மகள்’ இருந்தது. நடுவில் ஒரு வார்த்தைக்கு இடம் விட்டிருந்தேன்.

புனேயில் மணி 4.10.

அலுவலகம் மெதுவாகப் போனது. சிவகடாட்சம் மைக்கை எடுத்தார். “எல்லாரும் லெஃப்ட்ல பாருங்க. மூணாவது மாடி. யாரும் ஃபிளாஷ் போடாதீங்க.”

தையல்நாயகி எழுந்து கதவருகே போனாள்.

“அம்மா, எறங்கணும்னா எழுதிக் குடுக்கணும்.”

“நான் எதுக்கு எழுதணும்? இல்லேன்னு நான் எப்பவாவது எழுதிக் குடுத்தேனா?”

சிவகடாட்சம் கோப்பைப் புரட்டினார். நான் எழுதிக் கொடுத்த மூன்று பிரதிகளும் அதில் இருந்தன. ஒன்றிலும் அவள் கையெழுத்து இல்லை. கதவைத் திறந்துவிட்டார்.

படியில் நின்று அவள் திரும்பினாள். நடுவில் யாரும் இல்லாமல் என்னைப் பார்த்தாள்.

“வாங்களேன்” என்றாள்.

“ஒரு வார்த்தைதான் பாக்கி” என்றேன்.

அவள் இறங்கிவிட்டாள்.

மூன்றாவது மாடிக்கு அவ்வளவு சீக்கிரம் எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. பால்கனியில் இருந்தாள். சுபாஷிணி கொஞ்சம் இளைத்திருந்தாள். அவள் இடுப்பில் ஒரு குழந்தை. பெண்ணா பையனா என்று பட்டியலில் போடவில்லை. தையல்நாயகி குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். அது அழவில்லை.

பிறகு மூன்று பேரும் எங்கள் பக்கம் பார்த்தார்கள். சுபாஷிணி குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். யாருக்கு என்று சொல்ல முடியாது. ஜன்னல்கள் நிறைய.

மணி 4.13. எல்லோரும் பதிலுக்குக் கையாட்டினார்கள். பிரேமாவதி டீச்சர் இரண்டு கைகளையும் ஆட்டினார். நானும் கையைத் தூக்கினேன்.

செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.