கல்லில் விட்ட நாலாவது வரி

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. நிதானமான கதை வேண்டுபவர்கள் இப்போதே வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம்.

நடுவட்டத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். 1983 நவம்பர் மழையில் அங்கே ஏழாம் நம்பர் மலை சரிந்தது. வேலையில் இருந்த மூன்று பெண்கள் செத்தார்கள். மூன்று என்பது எஸ்டேட் சொல்வது. இப்போது அவர்களுக்கு நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். இரண்டு புத்தகம் போட்ட பாவத்துக்கு, கல்லில் வெட்டும் வாசகத்தை என்னிடம் கேட்டார் மேனேஜர் கீர்த்திவாசன்.

சேதி தெரிந்த அன்றே ரஞ்சனியக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன் தம்பி, எங்கம்மா பேரு இல்லியாமே. தெய்வம்மா வெறகு திருடப் போயிச் செத்தான்னு நாப்பது வருசமாச் சொல்றாங்க. நீங்களும் கல்லுல அதயேதான் சொல்லப் போறீங்களா?"

2

"மூடுபனி மலையை அணைத்துக் கிடந்த அந்தக் காலையில்..."

(வேண்டாம். மண்ணுக்குள் போனவளைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுப் பனியை வர்ணிக்கிறேன்.)

"தெய்வம்மா சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது..."

(இதுவும் ஒப்பனை. காகிதங்களைப் பார்ப்போம்.)

முதல் காகிதம் செக்ரோல், அன்றைய வருகைப் பதிவு. தெய்வம்மா: ஆப்சென்ட். இரண்டாவது, எஸ்டேட் கம்பவுண்டர் மரியஅந்தோணி எழுதிவைத்த நோட்டு: "தெய்வம்மா, 34. ஏழாம் நம்பரிலிருந்து உயிரில்லாமல் கொண்டுவந்தார்கள். முதுகில் கூடை. கூடையில் கொழுந்து."

விறகு திருடப் போனவள் கூடையில் கொழுந்து எப்படி வந்தது? கீர்த்திவாசனிடமே கேட்டேன்.

"கம்பவுண்டர் எழுதுனது பர்சனல் நோட்டுங்க சார். செக்ரோல்தான் ரெக்கார்டு. ரெக்கார்டுல இல்லாதத நான் கல்லுல போட முடியாதுங்க."

பிணத்தைத் தொட்டுத் தூக்கியவன் எழுதியது பர்சனலாம். ஆபீசில் உட்கார்ந்து கட்டம் நிரப்பியது ரெக்கார்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3

மூன்றாவது காகிதம், பறித்த கொழுந்தை எடைபோட்டு எழுதும் நோட்டு. மலை சரிந்தது பகல் பதினொரு மணிக்கு. தப்பித்தவர்களை அப்படியே பத்தாம் நம்பருக்கு மாற்றி, சாயங்காலம்வரை பறிக்க வைத்திருக்கிறார்கள். (ஆமாம், பிணங்கள் கிடக்கும்போதே. அதற்கும் சேர்த்துத்தான் இந்த ஆத்திரம்.) செத்த மூவருக்கும் சாயங்காலக் கட்டம் காலி. நாலாவதாக ஒரு பேருக்கும் காலி: ராக்கம்மா. காலையில் ஒன்பது கிலோ, அதன்பிறகு ஒன்றுமில்லை.

ராக்கம்மா இன்னும் உயிரோடு இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. செக்ரோல்படி அன்று ஏழாம் நம்பரில் நின்று தப்பியவர். கல்லைத் திறந்துவைக்கப்போவதே அவர்தான்.

தொடர்ந்து வராதவர்களின் பேரை அந்த எஸ்டேட்டில் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் எஸ்டேட் குடியிருக்கக் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். அதனால் ஒருத்திக்கு முடியாவிட்டால் இன்னொருத்தி பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போய், அவள் பேருக்குக் குரல் கொடுப்பாள். மழையில் தலையோடு பிளாஸ்டிக் சீட்டு போர்த்தி நிற்கும் பெண்களில் யார் முகம் தெரியும்? கூப்பிட்ட பேருக்குக் குரல் வந்தது, செக்ரோல் அதை எழுதிக்கொண்டது.

4

ராக்கம்மா என்று யாரோ மாதிரி எழுதிக்கொண்டு வந்தது என் கோழைத்தனம். அவர் என் அம்மா. அன்று லயத்தில் காய்ச்சலோடு கிடந்த மூன்று வயதுப் பிள்ளை நான்தான்.

மூன்று காகிதங்களையும் அம்மா முன்னால் வைத்துக் கேட்டேன்.

"அவளாத்தான் சொன்னா. 'ஒம்பேர நாளைக்கு வெட்டிருவாங்க ராக்கு, எம்பேருக்கு இன்னும் நாளிருக்கு, நீ புள்ளயப் பாரு'ன்னுட்டு மலைக்குப் போனா."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா லயத்த விட்டு எறக்கிருவாங்க. ஒன்னத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்? பொறவு சொல்ல வாய் வரல."

"ரஞ்சனியக்காவ வெறகுக்காரி மகள்னு கூப்பிட்டாங்களே, அது காதுல விழலியா?"

"விழுந்துச்சு" என்றார் அம்மா.

5

முடிவு அ: திறப்பு விழாவில் அம்மா மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்கிறார். ரஞ்சனியக்கா ஓடிவந்து அவரைக் கட்டிக்... (அடித்துவிட்டேன். இவ்வளவு சுலபமாக யாரும் யாரையும் மன்னிக்க வேண்டாம்.)

முடிவு ஆ: ஆதாரங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதால் முடிவுக்கு வர இயலவில்லை என்று நான்... (இதற்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.)

இதுவரை எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கதைன்னு போட்டுரு. கதைன்னா யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க" என்றார். நானும் அப்படியே போட்டிருக்கிறேன், பாருங்கள். கீர்த்திவாசனைத் திட்ட எனக்கு இப்போது என்ன யோக்கியதை இருக்கிறது?

கல் வெட்டும் சில்வஸ்டர் கூடலூரிலிருந்து போன் செய்கிறார். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன்.

"சாரே, மூணு பேரு வெட்டியாச்சு. அடியில ஒரு வரிக்கு எடம் விட்டிருக்கு. பூ போடட்டா, இல்ல வேற பேரு உண்டா?"

பதில் கேட்டுப் போக வந்த ரஞ்சனியக்கா எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. உள்ளறையில் அம்மா, கதவு பாதி திறந்திருக்கிறது.

"பேர் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"சொல்லுங்க சாரே."

எனக்கும் வாய் வரவில்லை. மூன்று காகிதங்களையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், உள்ளறைக்கும் கேட்க வேண்டும்.