இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு

காலை பத்து இருபதுக்கு, இரண்டாம் ஆண்டு வரலாற்று வகுப்பில் இருந்த முப்பத்தொரு பேரில் சுடர்விழி என்பவள், வர்ஜீனியாவிலிருந்து தப்பியோடிய அடிமை என்று கண்டறியப்பட்டாள். அன்று 2019 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை. நான் பதினொன்றரைக்குக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். செய்தி மறுநாள் எங்கள் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில் எட்டு வரியாக வந்தது.

எங்கள் ஊர்க் கல்லூரியில் அமெரிக்க வரலாறு முதன்மை ஆதாரங்களைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது. பாடப்புத்தகம் கிடையாது. ஒஹையோவில் உள்ள ஒரு கல்லூரி பருவத்துக்கு ஒரு பெட்டி அனுப்பும். கடிதங்கள், உடன்படிக்கைகள், பழைய பத்திரிகைத் துண்டுகள் அதில் இருக்கும். பதிலுக்கு இங்கிருந்தும் ஒரு பெட்டி போகும். ஓர் ஆதாரம் வகுப்பில் உரக்கப் படிக்கப்பட்டதும் அது நடைமுறைக்கு வந்துவிடும். போன பருவத்தில் பழங்குடிகளுடனான உடன்படிக்கை ஒன்றைப் படித்தார்கள். அன்று மாலையே மைதானத்தில் வேப்பமரத்துக்குக் கிழக்கே உள்ள பகுதி கைமாறியது. அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்த கபடி அணியை மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் ஐந்து பேர். அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணிய அமெரிக்க அரசியல் சாசனம் படிக்கப்பட்ட நாளில் கடைசி பெஞ்சில் இருந்த ஐந்து பேருக்குச் சேர்த்து மூன்று வருகை பதிவானது. வருகை போதாமல் இரண்டு பேர் தேர்வு எழுதவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெட்டியிலிருந்து 1824-ஆம் ஆண்டுப் பத்திரிகை விளம்பரம் ஒன்று வந்தது. படிக்க எழுந்தவள் சுடர்விழி. எப்ராயீம் டாக்கெட் என்ற பண்ணைக்காரர் கொடுத்திருந்த விளம்பரம். டைனா என்ற பெண் ஓடிவிட்டாள், வயது பத்தொன்பது, நடுத்தர உயரம், இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு, வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம், எழுதப் படிக்கத் தெரியும், பேசும்போது ஆளை நேராகப் பார்ப்பாள், பிடித்துக் கொடுப்பவருக்குத் தக்க வெகுமதி உண்டு.

பேராசிரியர் ஞானசிகாமணி வழக்கம்போல, இந்த ஆதாரத்தை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டார். சுடர்விழிதான் பதில் சொன்னாள். நிறம், குணம் பற்றி எழுதுபவன் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அடையாளக் குறிகளில் பொய் எழுதமாட்டான், ஏனென்றால் அவனுக்கு அவள் திரும்ப வேண்டும் என்றாள். பேராசிரியர் ஐந்துக்கு ஐந்து போட்டார். பிறகு முறைப்படி, படித்தவளின் மாற்றுச் சான்றிதழை அலுவலகத்திலிருந்து வரவழைத்தார். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் இரண்டு குறிகளும் அப்படியே இருந்தன.

அவளைப் பெண்கள் ஓய்வறையில் வைத்துப் பூட்டினார்கள். அந்த நாட்களுக்கு வருகை உண்டு என்று முதல்வர் எழுத்து மூலம் உறுதியளித்தார். பக்கத்து இருக்கைக்காரி ஜெபராணி ஜன்னல் வழியாகச் சாப்பாடு கொடுக்கப் போனாள்.

“ஸ்போர்ட்ஸ் டேயில நூறு மீட்டர்ல கடைசியா வந்தவ நீ” என்றாள் ஜெபராணி. “உன்னைப் போயி ஓடிட்டான்னு எழுதியிருக்கான் பாரு.”

சுடர்விழி சிரித்ததாகத்தான் ஜெபராணி என்னிடம் சொன்னாள்.

தாய் சீனியம்மாள் மறுநாள் காலை வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். விரல்களில் தீக்குச்சி மருந்து அப்பியிருந்தது. மகளை ஜன்னலருகே கூப்பிட்டு, கம்பிகளுக்கு இடையே அவள் இடது கையை வெளியே இழுத்துப் பேராசிரியரிடம் காட்டினாள். கையில் தழும்பு இல்லை. காதுக்குக் கீழே மச்சமும் இல்லை.

பேராசிரியர் கையைப் பொறுமையாகப் பார்த்தார். மனிதர் இரக்கமில்லாதவர் அல்ல.

“இது இன்னைக்கு உள்ள கை, அம்மா” என்றார். “சான்றிதழ் ஒரு வருஷத்துக்கு முந்தினது. விளம்பரம் அதுக்கும் முந்தினது. காலத்தால முந்தினதைத்தான் நாங்க எடுத்துக்கணும்.”

தான் பெற்றவள் என்று சீனியம்மாள் சொன்னாள். பெற்றது பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, சொல்வது இன்றைக்கு. அது நினைவுக்குறிப்பு, இரண்டாம் தரம் என்று பேராசிரியர் விளக்கினார். டாக்கெட்டுக்குத் தகவல் போய்விட்டது, சனிக்கிழமை வருகிறார் என்றும் சொன்னார்.

சீனியம்மாள் அங்கிருந்து மகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருந்த தலைமையாசிரியர் அய்யலுசாமி ஓய்வு பெற்றிருந்தார். வீட்டு முற்றத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரைப் பிடித்தாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

“பிள்ளைக வரிசையா நிக்கும். ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பியா பாத்துக்கிட்டு இருக்க முடியும்? பொம்பளப் பிள்ளை வேற. எல்லாத்துக்கும் ஒரே தழும்பு, ஒரே மச்சம். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு பிள்ளைகூட வந்து தப்புன்னு சொன்னதில்ல.”

தழும்பை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டேன். தன் கையைத் திருப்பிக் காட்டினார். இடது முழங்கைக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று இருந்தது. மச்சமும் தன்னுடையதுதான் என்று வலது காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். அவர் ஆண், வயது ஐம்பத்தொன்பது, விளம்பரத்துக்குப் பொருந்தவில்லை.

அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் வகுப்பில் மொத்தம் ஒன்பது பெண்கள். சீனியம்மாள் வற்புறுத்தியதால் வியாழக்கிழமை ஒன்பது சான்றிதழ்களையும் மேசையில் பரப்பினார்கள். ஒன்பதிலும் அதே தழும்பு, அதே மச்சம். விளம்பரம் இனி சுடர்விழியை மட்டும் குறிக்கவில்லை என்று பேராசிரியர் ஒப்புக்கொண்டார். ஓய்வறைக்குள் இன்னும் எட்டு பாய்கள் போனது அன்று மாலைதான்.

சீனியம்மாள் தன் மகளுக்கு இருந்த ஆபத்தை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்திருந்தாள். மற்ற எட்டு வீடுகளில் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஜெபராணியின் தாய் கல்லூரி வாசலில் அவளை மறித்து, “உம் பிள்ளையக் காப்பாத்த எம் பிள்ளையக் கொண்டாந்து வரிசையில நிறுத்திட்டியே, நீ நல்லா இருப்பியா?” என்று கேட்டாள். சீனியம்மாள் அவளை விலக்கிக்கொண்டு நடந்தாள். நேரே ஜன்னலுக்குப் போனாள்.

விளம்பரத்தில் மீதி இருந்தது இரண்டு விஷயம்தான்: படிக்கத் தெரிவது, நேராகப் பார்ப்பது. படிப்பைப் பற்றிப் பெற்றோர்கள் சேர்ந்து முடிவெடுத்தார்கள். கேட்டால் தெரியாது என்று ஒன்பது பேரும் சொல்ல வேண்டும். முதல்வர் இதை ஆட்சேபிக்கவில்லை. பார்வை விஷயத்தில் எட்டு பேருக்குச் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை. பெரியவர்கள் பேசினால் தரையைப் பார்ப்பது அவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். சுடர்விழிக்கு அது வரவில்லை. எத்தனையோ முறை இதற்காகவே வீட்டில் அடி வாங்கியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க சீனியம்மாள் ஜன்னலுக்கு வெளியே டாக்கெட்டாக நின்றாள். உன் பேர் என்ன என்று அதட்டிக் கேட்பாள். மகள் நிமிர்வாள்.

“என் முகத்துல என்னடி இருக்கு? தரையப் பாரு.”

“தரையில மட்டும் என்னம்மா இருக்கு?”

“என்னமோ இருக்கு. நாளைக்கு ஒரு நாள் பாரு தாயி. அப்புறம் ஆயுசுக்கும் நீ எவனை வேணாலும் பாத்துக்க, நான் கேக்கல.”

மாலைக்குள் வந்துவிட்டது. கடைசி பத்து முறையில் ஒரு முறைகூட அவள் நிமிரவில்லை.

டாக்கெட் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மதுரைப் பேருந்தில் வந்து இறங்கினார். மெலிந்த, மரியாதையான மனிதர். கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டார். கடைவீதியில் ஒரு கயிறு வாங்கிக்கொண்டார். கருத்தரங்க அறையில் ஒன்பது பேரும் நின்றார்கள். பேராசிரியர் மொழிபெயர்த்தார்.

பெயர் என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒன்பது பேரும் தரையைப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். சுடர்விழி எல்லோரையும்விட நன்றாகக் குனிந்திருந்தாள். கதவருகே நின்ற சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

எழுதப் படிக்கத் தெரியுமா என்று இரண்டாவது சுற்றில் கேட்டார். தெரியாது, தெரியாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எட்டாவதாக நின்ற ஜெபராணியும் தெரியாது என்றாள். அவள் முடிந்த இரண்டு பருவத்திலும் துறையில் முதல் மாணவி.

சுடர்விழி நிமிர்ந்தாள்.

“தெரியும்” என்றாள். “உங்க விளம்பரத்தை வகுப்புல படிச்சதே நான்தான்.”

டாக்கெட் தொப்பியை எடுத்துவிட்டுத் தலையசைத்தார். மற்ற எட்டு பேரையும் அவர்கள் பெற்றோர்கள் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார்கள்.

கட்டிய கைகளோடு அவளைப் பேருந்தில் ஏற்றியபோது சீனியம்மாளும் ஏறினாள். விளம்பரத்தில் தாய் யாரும் குறிப்பிடப்படவில்லை என்று டாக்கெட் நடத்துநரிடம் பத்திரிகைத் துண்டைக் காட்டினார். நடத்துநர் படித்துப் பார்த்து, தாயை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். அவள் வெயிலில் திரும்பி நடந்து வந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் வழியில் தென்பட்ட எல்லோரையும் நேராகப் பார்த்துக்கொண்டு போனதாக, அந்தப் பேருந்தில் வந்த ஒருவர் என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை சீனியம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். காணவில்லை விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றாள். நானே எழுதிக்கொண்டேன். பெயர், வயது, உயரம். அங்க அடையாளம் என்று வந்தபோது கையில் ஒன்றும் இல்லையே என்று நினைவுபடுத்தினேன்.

“சான்றிதழ்ல உள்ளதையே போடுங்க சார். கையப் போட்டா எவன் நம்புவான்?”

கடைசி வரியாக, பேசும்போது ஆளை நேராகப் பார்ப்பாள் என்று சேர்க்கச் சொன்னாள்.

விளம்பரம் புதன்கிழமை வெளியானது. நல்ல முதன்மை ஆதாரம் என்று ஞானசிகாமணி அதைக் கத்தரித்து, மொழிபெயர்த்து, அந்தப் பருவத்தில் ஒஹையோவுக்குப் போன பெட்டியில் வைத்தார். அங்கே தமிழக வரலாறும் முதன்மை ஆதாரங்களைக் கொண்டே கற்பிக்கப்படுகிறது. ஜனவரி மாத இறுதியில் அது வகுப்பில் படிக்கப்பட்டது. அந்த வகுப்பில் எல்லோருமே ஆளை நேராகப் பார்ப்பவர்கள் என்பதால் ஆரம்பத்தில் சிரமம் இருந்ததாகத் தெரிகிறது. சிறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருத்திக்குத் தழும்பு இருந்தது. மச்சமும் இருந்தது.

2020 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை, கரோலின் விட்பி என்ற பத்தொன்பது வயது மாணவி மதுரைப் பேருந்திலிருந்து இறக்கி எங்கள் ஊர்க் கல்லூரியில் ஒப்படைக்கப்பட்டாள். தன் பெயர் கரோலின் என்றும், தன் தாய் ஒஹையோவில் இருக்கிறாள் என்றும் சொன்னாள். அது அவளே தன்னைப் பற்றிச் சொல்வது என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார். சீனியம்மாள் அவள் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். காது மடலை மடக்கிப் பார்த்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டே அவளை நேராகப் பார்த்தாள்.

“இளைச்சுப் போயிட்டா” என்றாள் சீனியம்மாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றே வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணைச் சுடர்விழி என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 24, திங்கட்கிழமை, சுடர்விழி உள்மதிப்பீட்டுத் தேர்வு எழுதினாள். அமெரிக்க வரலாற்றில் அவள் தேர்ச்சி பெறவில்லை.