செருப்பைக் கழட்டிட்டு வா

எனக்கு வாய் நீளம். தி.நகர்ல எங்க தெருவுல யாரை வேணா கேளுங்க. "தங்கபுஷ்பம் டீச்சரா? ஐயோ, அந்தம்மா வாயில விழுந்தா தப்பிக்க முடியாது"ம்பாங்க. அப்படிப்பட்ட நான், பேச வேண்டிய நேரத்துல ரெண்டு தடவை வாயை மூடிக்கிட்டு நின்னேன். அதைச் சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும், ஆறுமோ என்னமோ.

எழுபத்திரண்டுல வீட்டு முன்கூடத்துலயே தையல் கிளாஸ் நடத்திக்கிட்டிருந்தேன். எட்டு மிஷின், காலைல பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும். கவர்மெண்ட் தையல் பரீட்சைக்குப் பொண்ணுங்களைத் தயார் பண்ணுவேன். துணியைத் தரையில விரிச்சுத்தான் வெட்டணும், அதனால செருப்பு வாசலோட சரி. எவளாவது மறந்து உள்ள கால் வச்சா தொலைஞ்சா.

ஷம்ஷாத் சேர்ந்த அன்னைக்கு நான் அடுப்படியில இருந்தேன். வாசல்ல "டீச்சர்"னு குரல் கேட்டுது. பால் பொங்குற நேரம். "செருப்பைக் கழட்டிட்டு வந்து உக்காரும்மா, தரை அழுக்காவும்"னு உள்ளேயிருந்தே கத்தினேன். நான் வெளிய வர்றப்போ சுவத்தோரத்து மிஷின்ல உக்காந்திருந்தா, பர்தாவை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு. வாசல்ல ஒரு ஜோடி பூட்ஸ். அதுல ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடை வரைக்கும் தோல் வாரு.

"சின்ன வயசுல போலியோ டீச்சர். இடது கால் நிக்காது. வலது கால்லயே மிதிச்சு நல்லா தைப்பேன்"னா. மயிலாப்பூர்ல ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல தையல் டீச்சர் ரிட்டயர் ஆகப்போறாங்களாம். அடுத்த ஜூன்ல சர்டிபிகேட்டைக் காட்டினா அந்த வேலை இவளுக்குத்தான்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருக்காங்க. அதைச் சொல்றப்போ அவ முகத்தைப் பார்க்கணுமே!

பூட்ஸ் இல்லாம வாசல்லேர்ந்து மிஷின் வரைக்கும் எப்படி வந்தான்னு நான் கேக்கல. சுவத்தைப் பிடிச்சு நொண்டிக்கிட்டு வந்திருப்பான்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

தினம் ஒன்பதரைக்கே வந்துடுவா. எல்லாரும் போனப்புறம்தான் கிளம்புவா. "நீங்க சாப்பிடப் போங்க டீச்சர், துண்டுத்துணியெல்லாம் நான் பொறுக்கி வைக்கிறேன்"பா. துணியைக்கூட மிஷின் பலகை மேலயே விரிச்சு வெட்டிக்குவா, நடுவுல எழுந்திரிக்கவே மாட்டா. ஒரு வாய் தண்ணி குடிச்சு நான் பார்த்ததில்ல. "பாருங்கடி, இவளைப் பார்த்துக் கத்துக்கோங்க, முதல் ஆளா வந்து கடைசி ஆளாப் போறா"ன்னு மத்தவங்ககிட்ட பெருமை அடிச்சேன். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு இப்போ.

தீபாவளி போய் ஒரு வாரம். அன்னைக்கு மழை. தீப்பெட்டி தேடிக்கிட்டு கூடத்துப் பக்கம் வந்தவ கதவோரம் அப்படியே நின்னுட்டேன். ஷம்ஷாத் தரையில இருந்தா. ரெண்டு உள்ளங்கையையும் ஊனி, உக்காந்தபடியே நகர்ந்துக்கிட்டிருந்தா. இடது கால் பின்னால இழுபட்டுது. நடுவுல நின்னு உள்ளங்கையைப் பார்த்தா, குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கி ரவிக்கையில சொருகிக்கிட்டு மறுபடி நகர்ந்தா. மிஷின் காலைப் பிடிச்சு எம்பி ஸ்டூல்ல ஏறினா. முந்தானையால கையைத் துடைச்சா.

நான் சத்தம் போடாம அடுப்படிக்குத் திரும்பிட்டேன்.

"அடிப்பாவி, பூட்ஸோடயே வாடி"ன்னு ஓடியிருக்கணும். ஓடல. நான் பார்த்தது தெரிஞ்சா அவளுக்கு மானம் போயிடும்னு சொல்லிக்கிட்டேன். பொய். மானம் போறது எனக்கு. இத்தனை மாசமா ஒரு பொண்ணைத் தரையில தேய்க்க விட்டவள்னு மத்தவங்க என்னைப் பார்ப்பாங்களே, அந்த பயம். அதுலேர்ந்து ஒன்பதரைக்குப் பாத்திரத்தை உருட்டிக்கிட்டு உள்ளேயே இருப்பேன். ராத்திரியே கூடத்தைக் கூட்டி, குண்டூசி ஒண்ணுவிடாம பொறுக்கிடுவேன். அதையே பெரிய புண்ணியமா நெனச்சுக்கிட்டேன், வெக்கங்கெட்டவ.

ஏப்ரல்ல பரீட்சை. மூணு மணி நேரத்துல ஒரு ரவிக்கையை வெட்டித் தைச்சுக் குடுக்கணும். எங்க பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டுப் போனேன். என்னை கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. அங்கேயிருந்து பார்த்தா ஹால் வாசல் நல்லாத் தெரியும். எல்லாரும் செருப்போடதான் உள்ள போறாங்க. ஷம்ஷாத் கடைசியா வந்தா. வாசப்படியில உக்காந்தா. வாரை அவுக்க ஆரம்பிச்சா.

"வேணாம்டி, போட்டுக்கிட்டே போ"ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா போதும். என் குரல் அந்த ஹாலுக்குக் கேக்காதா என்ன? பக்கத்துல மத்த டீச்சருங்க நின்னாங்க. எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்கன்னு தோணிச்சு. தோணி முடியறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க, அவ உள்ள நகர்ந்துட்டா. பரீட்சை ஆரம்பிச்சதும் எங்களையெல்லாம் கேட்டுகிட்டேயிருந்தும் விரட்டிட்டாங்க.

உள்ள துணி வெட்ட இடுப்பு உயரத்துக்கு மேஜை போட்டிருந்தாங்களாம். பூட்ஸ் இல்லாம இவளால எழுந்து நிக்க முடியல. மறுபடி வாசல் வரைக்கும் வந்து, வாரையெல்லாம் மாட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிருக்கா. அரை மணி நேரம் அதுலயே போச்சு.

வெளிய வந்து, "ரவிக்கைக்கு ஒரு கை வச்சுத் தைக்க நேரமில்ல டீச்சர்"னா. அழல.

"ஏண்டி கழட்டின?"

"தெரியல டீச்சர். தையல் கிளாஸ் வாசலைப் பார்த்தாலே கை தானா வாருக்குப் போவுது."

ஜூன்ல ரிசல்ட் வந்தது. பெயில். அந்த ஸ்கூல் வேலைக்கு வேற யாரோ சேர்ந்துட்டாங்க.

ஜூலையில மறுபடி வந்தா, அடுத்த வருஷப் பரீட்சைக்கு. அன்னைக்கு ஒன்பது மணிக்கே நான் வாசல்ல போய் நின்னேன். அவ வந்து கீழ உக்காரப் போனா. தோளைப் பிடிச்சு நிறுத்தினேன்.

"பூட்ஸோடயே உள்ள வா ஷம்ஷாத்."

"தரை அழுக்காவும் டீச்சர்."

"ஆவட்டும்டி! நான் பார்த்துட்டேன்டி. தீபாவளி முடிஞ்சப்பவே பார்த்துட்டேன். பார்த்தும் பேசாம இருந்துட்டேன். உன் வேலை என்னாலதான் போச்சு."

அவ என்னைத் திட்டியிருக்கலாம். ரெண்டு அறை வச்சிருந்தாலும் வாங்கிக்கிட்டு நின்னிருப்பேன். பர்தாவைக் கழட்டி நிதானமா மடிச்சா.

"தெரியும் டீச்சர். தரையில குண்டூசி இல்லாமப் போச்சே, அன்னைக்கே தெரியும். இன்னைக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு தினம் பார்த்துக்கினு இருந்தேன்."

அப்புறம் பூட்ஸோட உள்ள நடந்தா. வாசல்லேர்ந்து அவ மிஷினுக்கு ஏழே தப்படி. நான் எண்ணிக்கிட்டே நின்னேன்.