பூட்டிய கேட்

சிலுவையம்மாளுக்கு நேற்று கிடைத்த கைதட்டல்தான் இன்று அவள் கழுத்தைப் பிடித்தது.

காத்திவாக்கத்தில் இறால் பிடித்துப் பிழைக்கிறவளுக்கு நடிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். எண்ணூரில் மூடிக்கிடக்கும் ஒரு கம்பெனி வளாகத்தில் பட்டாளத்துக்காரர்களுக்குப் பயிற்சி. ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டுக்கு அமைதி காக்கப் போகிறார்களாம். வளாகம்தான் அகதி முகாம். குப்பத்து ஜனங்கள் நாற்பது பேர் அகதிகள். வெளியே துப்பாக்கியோடு கொலைகாரக் கும்பல் நிற்பதாகப் பாவனை. உள்ளே இருப்பவர்கள் எப்படிக் கத்தினாலும் கேட்டைத் திறக்கக் கூடாது, அதுதான் பாடம்.

"சோறு குடு, தண்ணி குடு" என்று கத்திக் கத்தி நேற்று அவளுக்கு அலுத்துவிட்டது. "கேஸு! கேஸு லீக்காயிடுச்சு!" என்று தானாகவே ஒரு கூப்பாடு போட்டு மண்ணில் விழுந்து புரண்டாள். பக்கத்து உரக் கம்பெனியில் அமோனியா கசிந்து ஊரே ஓடியதைப் பார்த்த எண்ணூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? நாற்பது பேரும் இருமித் தள்ளினார்கள். கேட்டில் நின்ற ராயபுரத்துப் பையன், பட்டாளத்தில் நாயக்காக இருக்கும் வில்சன், பதறிப்போய்த் திறந்துவிட்டான். பயிற்சி நடத்தும் மேஜர் அவளுக்குக் கைதட்டினார். அவனை வெயிலில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். இன்னொரு தடவை திறந்தால் போகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருக்காது என்றார்.

இன்று பதினொரு மணிக்கு உரக் கம்பெனிப் பக்கமிருந்து வாடைக்காற்று எழுந்தது. முதலில் கண் எரிந்தது. அப்புறம் மூத்திர நெடி மூக்கில் ஊசியாக ஏறியது. பக்கத்தில் மகள் கிறிஸ்டினா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முன்பு ஒரு தடவை இதே நெடியில் மாட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள், அன்றிலிருந்து இழுப்பு. இன்னொரு தடவை அந்த நெஞ்சு தாங்காது.

"தம்பி! கேட்டைத் தொற! கேஸு!"

கம்பிக்கு அந்தப் பக்கம் வில்சன் அசையவில்லை. காலையில் பயிற்சிக்காக வெடித்த புகைக்குண்டு நாற்றமே இன்னும் அவனைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"யம்மா, நேத்து ஒன்னால வாங்குனதே போதும். போய் ஒக்காரு."

"மாதா மேல சத்தியமா நெசம்பா! எம்பொண்ணப் பாரு!"

"நேத்தும் சத்தியம் பண்ணே."

அவள் பின்னால் எல்லாரும் அலறினார்கள். அலற அலற அவன் முகம் இறுகியது. பயிற்சியை நிறுத்தும் விசில் மேஜர் கழுத்தில் இருந்தது. மேஜரோ பயிற்சியைப் பார்க்க வந்த விருந்தாளிகளோடு தள்ளியிருந்த கட்டடத்துக்குப் போயிருந்தார். கத்தினால் நடிப்பு, அழுதால் நடிப்பு, செத்து விழுந்தாலும் கைதட்டுவார்கள் போலிருக்கிறது.

கத்துவதை விட்டாள். முந்தானையைக் கிழித்து இரண்டாக்கி, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி நனைத்தாள். ஒன்றை மகளின் மூக்கில் கட்டினாள். மற்றதைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனவள் வில்சனைப் பார்த்தாள். இந்த மடையன் உத்தரவு உத்தரவென்று நின்ற இடத்திலேயே செத்துப்போவான்.

துணியைக் கம்பி வழியே நீட்டினாள். "கட்டிக்க, நைனா. மூக்கையும் வாயையும் சேத்து. நீயாவது காத்துக்குக் குறுக்கால ஓடு."

வில்சன் ஈரத்துணியைப் பார்த்தான். எதுவும் கட்டாத அவள் முகத்தைப் பார்த்தான். சாவியைப் பூட்டில் நுழைக்க அவனுக்கு மூன்று தடவை ஆயிற்று.

கடற்கரை மணலில் போய் விழுந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தார்கள். நாற்பது பேரும் இருந்தார்கள். கிறிஸ்டினாவுக்கு மூச்சு சீட்டியடித்தது, ஆனாலும் வந்துகொண்டிருந்தது. தூரத்தில் மேஜரின் விசில் இப்போதுதான் கேட்டது.

வில்சன் முகத்துத் துணியை அவிழ்க்காமலே பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யம்மா, நீ நம்மூரு. நீ கத்துனதே எனக்கு நெசம்னு தெர்ல. அங்க ஆப்பிரிக்காவுல அவங்க பாஷகூட தெரியாது. நெசமாக் கத்துறவன எப்டிக் கண்டுபுடிப்பேன்?"

சிலுவையம்மாள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே அவன் கையைப் பார்த்தாள். கேட்டுச் சாவியை அது இன்னும் விடவில்லை.