எந்தக் கண்ணுக்கு எந்தத் துப்பாக்கி

அபூ ஹமத் புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்து உட்கார்ந்தபோது, மனிதர் எங்கோ வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் ஷியாமளா நினைத்தாள். விழவில்லையாம். துப்பாக்கி கடித்துவிட்டதாம்.

ஷார்ஜாவில் ஒரு கண் கிளினிக்கில் பார்வை சோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அபூ ஹமத் அங்கே பழைய ஆள். கடலோரக் காவலில் இருந்து ஓய்வு பெற்ற எமிராத்தி. எழுபதை நெருங்கியும் முதுகு வளையாதவர். பம்பாய்க்குப் படகு விட்ட அப்பாவிடமிருந்து தொற்றிக்கொண்ட இந்தி அவர் வாயில் தண்ணீராக ஓடும். கோயம்புத்தூர்க்காரியான ஷியாமளாவுக்கோ இந்தி இங்கே வந்த பிறகுதான் நாக்கில் ஏறியது. நான் டாக்டர் இல்லை என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அவள் ‘டாக்தோரா’தான்.

துப்பாக்கி எப்படிக் கடிக்கும் என்று அவரே விளக்கினார். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப் என்ற குழாய் துப்பாக்கியின் மேலே, கண்ணை ஒட்டி இருக்கும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். முகத்தைக் கொஞ்சம் கூடுதலாக முன்னே கொண்டுபோயிருந்தால் குழாயின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். நேற்றுத்தான் துப்பாக்கி தூக்கியவனுக்கு நடக்க வேண்டியது அது. இத்தனை வருஷம் சுட்ட தனக்கு நடந்ததை அவரால் தாங்க முடியவில்லை. அதனால் பழைய துப்பாக்கியைத் தலைமுழுகிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கப் போகிறார்.

போனில் படத்தைக் காட்டினார். ஸ்கவுட் ரைஃபிள் என்று பெயராம். குட்டையாக, லேசாக இருக்கும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்கிற கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். ஸ்கோப் கண்ணருகே இல்லாமல் நன்றாக முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும். கடிக்க எட்டாது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்தபடியே சுடலாம். வருஷா வருஷம் மகன்களோடு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறவருக்கு, புதருக்குள் தூக்கித் திரிய வசதி.

“கண்ணு விஷயம் உனக்குத்தான் தெரியும், டாக்தோரா. இது என் கண்ணுக்கு ஒத்து வருமா, இல்ல பழைய மாதிரியே நீளமா ஒண்ணு வாங்கிக்கட்டுமா? நீ சொல்றதுதான் முடிவு.”

ஷியாமளா வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டது பொருட்காட்சியில் பலூன் சுட்டபோதுதான். அதிலும் ஒரு பலூன்கூட வெடித்ததில்லை. தெரியாது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் வேறொன்று அவளை உறுத்தியது. இத்தனை வருஷம் கைவந்த வேலையில் இந்த மனிதர் ஏன் திடீரென்று முகத்தை முன்னே கொண்டுபோனார்?

எதற்கும் எழுத்தைப் படித்துவிடுங்கள் என்று உட்காரவைத்தாள். இடது கண்ணால் கடகடவென்று படித்தார். வலது கண்ணால் படிக்கும்போது தலையைக் கோழி மாதிரி ஒருபக்கமாகச் சாய்த்தார். நேராகப் பாருங்கள் என்றதும் படிப்பு நின்றது. விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும், ரெட்டினா டாக்டரிடம் இன்றைக்கே காட்டிவிடுங்கள் என்றாள் அவள். கண்ணில் ஒன்றும் மாஃபி, ஒன்றுமே இல்லை, கோளாறு ஸ்கோப்பில்தான் என்று அவர் எழுந்துவிட்டார். முதலில் துப்பாக்கி, பிறகு டாக்டர். சனிக்கிழமை துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வந்து நேரிலேயே பார்த்துச் சொல், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்று அழைப்பு வேறு.

முவைலாவில் அவர்கள் ஃபிளாட்டில் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சுதான். கணவன் ரவிசங்கர் கப்பல் சரக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தான். எதைக் கேட்டாலும் முதலில் ஆபத்து எங்கே என்று பார்ப்பது அவன் தொழில்.

“கண்ணாடி எழுதிக் குடுக்கறதோட நிறுத்திக்க, ஷியாமி. துப்பாக்கி சமாச்சாரத்துல நாம வாயத் தொறந்தா விசாவுக்கே வேட்டு வெச்சிருவாங்க.”

சொன்னவன்தான் மறுநாளே ஸ்கவுட் ரைஃபிள் பற்றி வீடியோ பார்க்க ஆரம்பித்தான். முதலில் லேசான துப்பாக்கிதான் உசத்தி என்றான். அடுத்த நாள், லேசாக இருந்தால் உதை பலமாக இருக்குமாம், வயசானவர் தோள் தாங்காது, கனமானதுதான் சரி என்றான். அதற்கும் அடுத்த நாள் அவனுக்கே எது சரியென்று தெரியவில்லை. ஷியாமளாவும் சமையலுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். ஒருவன் மெச்சியதையே இன்னொருவன் கழுவி ஊற்றினான். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. மகள் தன்யா மட்டும், “அம்மா, வை டோன்ட் யூ ஜஸ்ட் ஸே நோ?” என்று கேட்டுவிட்டு டியூஷனுக்குப் போனாள்.

முடியாது என்று சொன்னால் அவர் கிளினிக் பக்கமே வராமல் போய்விடுவார். அந்தக் கண்ணை அப்புறம் யார் பார்ப்பது? அதனால்தான் சனிக்கிழமை காலை இருவரும் தைத் ஊருக்குப் போகும் சாலையில் காரை விட்டார்கள்.

கிளப் மணல்மேடுகளுக்கு நடுவே இருந்தது. சுடும் இடத்தைப் பார்த்துக்கொள்பவர் அஹ்சன் என்கிற பாகிஸ்தான்காரர், முன்னாள் ராணுவம். அபூ ஹமத் வாங்க நினைக்கிற அதே ரைஃபிளை மேஜைமேல் படுக்கவைத்திருந்தார். அதன் அருமை பெருமைகளை அவர் சொல்லத் தொடங்கியபோது ஷியாமளா ஒரு மாணவியைப் போலக் கவனித்தாள். குழல் குட்டை, காரிலும் புதரிலும் இடிக்காது. ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். ஸ்கோப் முன்னால் இருப்பதால் சுற்றியிருப்பது முழுக்கத் தெரியும். ஆனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கண்ணாடியில் கூசும். அதிகம் பெரிதாக்கியும் காட்டாது. ஸ்கோப் உடைந்தால் பயமில்லை, குறிபார்க்க இரும்புக் குறியும் உண்டு. ஆனால் வயதானவர்களுக்கு அது மங்கலாகத் தெரியும். அப்படியானால் இது நல்லதா கெட்டதா என்று அவள் கேட்டாள்.

“யார் கையில இருக்கோ அதைப் பொறுத்தது, பெஹன்ஜி,” என்றார் அஹ்சன். அவளுக்கு அது விடையாகவே படவில்லை.

அபூ ஹமத் காதுமூடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். துப்பாக்கியை வலது தோளில் வைத்து, இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக் குறிபார்த்தார். அவர் முகத்தில் சின்னப் பையன் களை வந்தது. எவ்வளவு தெளிவு, குறி அட்டை பளிச்சென்று தெரிகிறது, இந்த வயதில் இப்படிப் பார்த்ததே இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சுட்டார். போல்ட்டை இழுத்தார், தள்ளினார், மறுபடி சுட்டார். தோட்டா அடைத்த மேகசின் காலியானது.

அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

அஹ்சன் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஸ்கோப் அசைந்திருக்கும் என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து சுட்டார். நட்டநடு வட்டத்தில் துளை விழுந்தது. துப்பாக்கியில் குற்றமில்லை. அபூ ஹமத் மறுபடி சுட்டார். மறுபடியும் மணல்தான் தெறித்தது. காற்றாக இருக்குமோ என்று ரவிசங்கர் ஒரு வார்த்தை விட்டுப் பார்த்தான். காற்றே இல்லை. தெளிவாகத் தெரிகிறது என்கிறார், கையும் நடுங்கவில்லை, துப்பாக்கியும் சரி. பிறகு குண்டு எங்கேதான் போகிறது? நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தெளிவு என்ற அந்த வார்த்தையில்தான் ஷியாமளாவின் மனம் சிக்கியது. அந்த வலது கண்ணுக்கு எப்படி இவ்வளவு தெளிவு வரும்?

தோட்டா இல்லாமல் குறிபார்க்கச் சொன்னாள். பின்னாலிருந்து தன் உள்ளங்கையை மெதுவாக அவருடைய இடது கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து மறைத்தாள்.

“இப்ப ஸ்கோப்புக்குள்ள என்ன தெரியுது, பாபா?”

அவர் உற்றுப் பார்த்தார். முகத்தை முன்னே கொண்டுபோனார். இன்னும் முன்னே. குழாயின் விளிம்பைத் தேடிப்போகிற மாதிரி இருந்தது.

“சிலுவைக் கோடு தெரியுது. நாலு பக்கமும் தெரியுது,” என்றார். “நடுவுல மட்டும் மாஃபி.”

ஷியாமளாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. இத்தனை நேரம் அட்டையைப் பார்த்தது ஸ்கோப்புக்கு வெளியே இருந்த இடது கண். வலது கண்ணின் நடுவில் விழுந்திருந்த ஓட்டையை மூளை தானாகவே பூசி மெழுகிவிட்டது. அவர் பார்த்தது ஒரு கண்ணால், குறிவைத்தது இன்னொரு கண்ணால். பழைய துப்பாக்கி புருவத்தைக் கடித்ததும் இதனால்தான்; தெரியாததைத் தெரிந்துகொள்ள முகம் தானாக முன்னே போயிருக்கிறது. முடிந்தவரை மென்மையாகச் சொன்னாள். அவர் துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா துக்கமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அஹ்சன் மனம் கேட்காமல் ஒரு யோசனை சொன்னார். இடது தோளில் வைத்து இடது கண்ணால் பார்த்தால் என்ன? வைத்துப் பார்த்தார்கள். போல்ட் வலதுபக்கம் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கிமேல் கையைப் போட்டுத் துழாவ வேண்டியிருந்தது. ஆனாலும் அட்டையின் ஓரத்தில் ஒரு துளை விழுந்தது. பிறகு இன்னும் உள்ளே தள்ளி இன்னொன்று.

அபூ ஹமத் எழுந்து நின்றுவிட்டார். கலாஸ், தீர்ந்தது பிரச்சினை என்றார். இடது கைக்காரர்களுக்கென்றே இடதுபக்கம் போல்ட் வைத்த ரைஃபிள் உண்டாம். அதையே ஆர்டர் சொல்லிவிடுகிறேன்; டாக்தோரா தலையாட்டினால் போதும்.

ஷியாமளாவால் தலையாட்ட முடியவில்லை. அவருக்கு உதவத்தான் வந்தாள். உதவியும் செய்துவிட்டாள். அந்த உதவியே இப்போது அவர் டாக்டரிடம் போகாமல் இருப்பதற்கு வழி பண்ணிக் கொடுத்துவிட்டது. வலது கண் இல்லாமலே காரியம் ஆகிறதென்றால் யார் அதைக் காட்டப் போவார்கள்? தான் செய்தது நல்லதா கெடுதலா என்று அந்த வெயிலில் நின்று குழம்பினாள். ரவிசங்கரைப் பார்த்தாள். அவன் இன்சூரன்ஸ்காரன், உதட்டைப் பிதுக்கினான்.

கடைசியில் அவள் சொன்னாள்: “எந்தக் கண்ணு உங்களுக்கு நிலைக்கும்னு தெரியாம எந்தத் துப்பாக்கின்னு நான் எப்படிச் சொல்றது? அதை ரெட்டினா டாக்டர்தான் சொல்லணும். அவர் சொல்ற வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.”

அவர் காரில் ஏறிப் போனார். திரும்பி வரும் வழி முழுக்க ரவிசங்கர், நல்ல வாடிக்கையாளரைக் கெடுத்துக்கொண்டாயோ என்றும், இல்லை, நீ சொன்னதுதான் சரி என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தான். அவளுக்கு எது ஆறுதல் என்றே புரியவில்லை.

பல நாள் அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. ஷியாமளா போனை எடுத்து எடுத்து வைத்தாள். பிறகு ஒருநாள் கிளினிக்கின் ரெட்டினா டாக்டரே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். உங்கள் அபூ ஹமத் வந்தார், வலது விழித்திரையின் நடுவில் கசிவு, ஊசி போட ஆரம்பித்துவிட்டோம். இன்னும் தாமதித்திருந்தால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான். எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஷியாமளா காரணம் சொல்லாமல் கேசரி கிண்டினாள்.

வெயில் காலம் தொடங்கியபோது அவர் வந்தார். ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, தலையைச் சாய்க்காமல் வலது கண்ணால் படித்தார். பழைய கண் இல்லைதான். ஆனால் ஓட்டை வெகுவாகச் சுருங்கியிருந்தது. அவள் மனம் நிறைந்து அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். அவர் முகத்தில் மட்டும் சந்தோஷத்தோடு ஏதோ சங்கடமும் கலந்திருந்தது.

விஷயம் இதுதான். அவள் பதில் சொல்லாததால் பொறுமை இழந்து, முதல் ஊசி போட்ட வாரமே இடதுபக்கம் போல்ட் வைத்த ஸ்கவுட் ரைஃபிளுக்குச் சொல்லிவிட்டார். அது இப்போது வந்து கிளப்பில் இருக்கிறது. இடது தோளில் வைத்தால் கண் சரி, தோள் பழகவில்லை. வலது தோளில் வைத்தால் தோள் சரி, போல்ட் எதிர்ப்பக்கம். இரண்டு கண்ணையும் திறந்தால் இரண்டும் நான் நான் என்று முந்திக்கொண்டு வருகின்றன.

“முன்னாடி ஒரு கண்ணு இல்லாம குழப்பம். இப்ப ரெண்டும் இருக்கறதால குழப்பம்,” என்றார் அவர். “இப்பவாவது சொல்லு, டாக்தோரா. எதை வெச்சுக்கறது?”

ஷியாமளா உண்மையாகவே யோசித்தாள். அஹ்சன் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் எடுத்துவைத்துப் பார்த்தாள். லேசு, உதை, குட்டை, சத்தம், முன்னால் தள்ளிய ஸ்கோப். தராசின் எந்தத் தட்டும் இறங்கவில்லை.

“எனக்கு இன்னும் தெரியல, பாபா,” என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த ஊசி எப்போது என்று கேட்டு, அவரைக் கையோடு ரெட்டினா டாக்டர் அறைவாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.