பழத்தின் கண்

அன்று காலை திரையில் எழுந்த கோடு அறுபத்து நாலில் போய் நின்றது. ஐம்பதைத் தாண்டக் கூடாது என்பது சட்டம்.

உருமியா நகரில் ஆப்பிள் சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்கும் ஆலை எங்களுடையது. அதன் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருஷமாக இந்தக் கோட்டைப் பார்க்கிறேன், இன்னும் பிரமிப்பு தீரவில்லை. அழுகிய ஆப்பிளில் பூஞ்சணம் விட்டுப்போகிற நஞ்சின் அளவு அது. கொதிக்கிற சூட்டில் பூஞ்சணம் செத்துவிடும், நஞ்சு சாகாது. ஐம்பது என்றால், ஒரு லிட்டர் சாற்றில் பொடியுப்பின் ஒரே ஒரு துகள் விழுந்த மாதிரி. அந்தத் துகளை இயந்திரம் கண்டுபிடித்துவிடும். எங்கள் பாகு எந்த ஊர்ப் பிள்ளையின் டம்ளருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது; அதனால்தான் அந்தத் துகள் முக்கியம்.

மேலாளர் மனாஃபி சீட்டைப் பார்த்ததும் குதித்தார்.

"பெல்ட்டுல நிக்கிற பொம்பளைங்க தூங்குறாங்க. முதல்ல அந்த சோல்மாஸ வீட்டுக்கு அனுப்பு."

பெல்ட்டில் அழுகலைப் பொறுக்கும் பன்னிரண்டு பெண்களுக்குத் தலைவி சோல்மாஸ். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. அரை மணி நேரத்தில் கன்னத்தில் சர்க்கரைக் கட்டியை அடக்கிக்கொண்டு, கையில் தேநீரோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன இன்ஜினியரே, உங்க பெட்டி என் சோத்துல மண்ணப் போடுதாமே?"

"பெட்டி பொய் சொல்லாது அக்கா."

"அப்ப என் கை பொய் சொல்லுதா? நான் விட்ட பழத்துல ஒரு அழுகல் காட்டுங்க. நானே போயிடறேன்."

எனக்கும் ரோஷம் வந்தது. பெல்ட்டின் கடைசியில், அவர்கள் பார்த்து அனுப்பிய பழத்தில் ஒரு கூடை எடுத்தேன். மேலே ஒரு புள்ளி இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பத்துப் பழம் வெட்டினேன். பத்தும் சுத்தம். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் இயந்திரத்தையே சந்தேகப்பட்டேன்.

"கண்ட பழத்த வெட்டாதீங்க, தள்ளுங்க" என்றாள். கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு பழமாகக் கவிழ்த்து, காம்புக்கு எதிர்ப்பக்கம் பூ காய்ந்து ஒட்டியிருக்கும் குழியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அதை எங்கள் ஊரில் பழத்தின் கண் என்பார்கள். பதினொரு பழத்தைத் தனியாக வைத்தாள்.

"இதுங்கள வெட்டுங்க."

அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்கள். இங்கே ஆப்பிள். வெளியே பளபளவென்று சிவப்பு. உள்ளே விதையைச் சுற்றி நீலச் சாம்பல் பஞ்சு. பத்துப் பழத்தில் அப்படி. பதினொன்றாவது நல்ல பழம். அதை அவளே எடுத்துக் கடித்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"எப்படிக்கா?"

"வசந்தத்துல வர்ற நவ்ரூஸ் பண்டிகை வரைக்கும் வைக்கோல்ல வைக்கிற பழத்த இப்படித்தான பாப்போம்? கண்ணு மூடியிருக்கணும். தொறந்திருந்தா உள்ள ஏதோ பூந்துடுச்சுன்னு அர்த்தம். இது கூடத் தெரியாம என்னத்தப் படிச்சீங்க?"

"தெரிஞ்சும் பெல்ட்டுல ஏன் விட்டீங்க?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "தொட்டுப் பாக்க எங்க விட்டீங்க? பழமா ஓடுது அங்க, குதிரையில்ல ஓடுது! அதோ, செவுத்துல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே படிங்க."

படித்தேன். 'வெளிப்புற அழுகலை மட்டும் நீக்கவும்.' கீழே என் கையெழுத்து. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

நேராக மனாஃபியிடம் போனேன். தப்பு என்னுடையது, பெல்ட் பாதி வேகத்தில் ஓட வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் எதுக்குப்பா? அறுபத்து நாலை நல்ல பாகோட கலந்துடு. நாப்பத்தஞ்சுக்கு வந்துடும்."

"நம்பர் வந்துடும். சட்டம் ஒத்துக்காது, நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரே ஒரு நாள் பாதி வேகத்துல ஓட்டிப் பாருங்க. அதுலயும் ஐம்பதத் தாண்டுச்சுன்னா சோல்மாஸோட நானும் வீட்டுக்குப் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒரே நாள்" என்றார்.

மறுநாள் முழுக்கப் பன்னிரண்டு கட்டைவிரல்கள் வேலை செய்தன. இருபது டன் பழம். அதற்கடுத்த நாள் காலை நான் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். பின்னால் சோல்மாஸ் நின்றாள். கையிலிருந்த தேநீர் ஆறிப்போனது அவளுக்குத் தெரியவில்லை. கோடு நகர்ந்தது. எழ வேண்டிய இடத்துக்கு வந்தது. எழவில்லை. தரையோடு தரையாக அதைக் கடந்து போயிற்று.

"என்ன வந்திருக்கு?"

"ஒண்ணும் வரலக்கா."

"ஒண்ணும் இல்லாததையா இப்படி வாயப் பொளந்து பாக்குறீங்க?"

இருபது டன் பழத்தின் சாற்றில், லிட்டருக்கு ஓர் உப்புத் துகள் அளவுகூட இல்லை என்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அவள் குனிந்தாள். "போன தடவ எந்த எடத்துல எழுந்துச்சு?"

காட்டினேன். திரையில் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"மூடியிருக்கு" என்றாள்.